மணலுக்கு நான் ஊற்றச் சொன்ன தண்ணீர்

போன மாதம் ஓர் இளம் சுகாதாரப் பரிசோதகர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். அவர் வேலை செய்யும் பட்டினத்தில் புதிதாகச் சிறுவர் பூங்கா ஒன்று திறந்திருக்கிறார்கள். நாய்கள் வந்து அசுத்தம் பண்ணுகின்றன, பிள்ளைகள் காலில் கடி தாங்காமல் சொறிகிறார்கள் என்று பெற்றோர் முறைப்பாடு வைக்கிறார்களாம். "உங்கட காலத்திலை இப்பிடி ஒரு தொல்லை இருந்ததோ ஐயா?" என்று கேட்டார். இருந்தது, அதை உண்டாக்கினவனே நான்தான் என்றேன். கிழவர் பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்.

பிறகு பையைத் திறந்து ஒரு படிவத்தைக் காட்டினார். இப்போது அறிக்கை எழுதுவதில்லையாம். அச்சடித்த தாளில் கட்டங்கள் இருக்கின்றன, சரி போட்டால் போதுமாம். அசுத்தம் காணப்பட்டது, ஒரு கட்டம். பொறுப்பாளியின் பெயர், ஒரு கட்டம். எடுக்கவேண்டிய நடவடிக்கை, ஒரு கட்டம். "நீங்களெல்லாம் பக்கம் பக்கமாய் எழுதுவியளாமே, கை நோகாதோ?" என்றார். கை நோகவில்லை தம்பி, வாய்தான் நொந்தது என்றேன். அது அவருக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க ஒரு பின்னேரம் போதவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சுகாதாரப் பரிசோதகனாக நான் பயிற்சி பெற்ற காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கக்கூசு வெட்டவேண்டும், இறைச்சிக்கடையில் எதை முதலில் மணந்து பார்க்கவேண்டும், அம்மைப்பால் எப்படிக் கட்டுவது, எல்லாம் மனப்பாடம் பண்ணிச் சோதனை எழுதினோம். சோதனை பாஸ் பண்ணின கையோடு என்னைக் கிளிநொச்சிப் பக்கம் போட்டார்கள். அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சனம் காடு வெட்டி வயலாக்கிக்கொண்டிருந்தது. குடியேற்றத் திட்டம் ஒவ்வொன்றாகச் சைக்கிளில் போய், கக்கூசு வெட்டுங்கோ, வெறுங்காலோடு நடவாதையுங்கோ, கொழுக்கிப் புழு காலால் ஏறி இரத்தத்தை உறிஞ்சும் என்று பிரசங்கம் பண்ணுவேன். பூநகரிக்கு ஒருமுறை போய்வந்தால் சைக்கிளுக்கும் எனக்கும் இரண்டு நாள் வைத்தியம் வேண்டும். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. அந்த இரண்டு வருடத்தில் என் தலைக்குள்ளும் ஒரு புழு ஏறிவிட்டது. எங்கே கடி, புண் என்று கேட்டாலும், யாரோ வெளிக்குப் போய் நிலத்தைக் கெடுத்திருக்கிறான் என்றுதான் முதலில் தோன்றும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்தது. அங்கேதான் டொக்டர் அம்பலவாணரிடம் அகப்பட்டேன்.

அவர் எங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி. மெலிந்த மனிதர். வெள்ளைக் காற்சட்டை, முழங்கைவரை மடித்துவிட்ட சேர்ட், மூக்கு நுனியில் இறங்கி நிற்கும் கண்ணாடி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இருந்தும் கந்தோரில், அதுதான் எங்கள் அலுவலகத்தில், எல்லோருக்கும் அவரிடம் பயம். காரணம் அவருடைய ஒரு வழக்கம். யாரையாவது குறைசொல்லி அறிக்கை எழுதினால், அந்த ஆள் கந்தோருக்கு வந்து கதிரையில் இருக்கவேண்டும். எழுதினவர் எழுந்து நின்று அதை அவருக்கு வாசிக்கவேண்டும். வாசித்து முடிந்ததும் டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கதிரையில் இருப்பவரைப் பார்த்து, "இதிலை பிழை ஏதும் இருக்கோ?" என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் பேனையைத் தொடுவார்.

அறிக்கைகள் அந்தக் காலத்தில் இங்கிலீசில். வாசிக்கும்போது தமிழில் சொல்லவேண்டும். இதில்தான் எங்கள் உயிர் போகும். இங்கிலீசில் கம்பீரமாக நின்ற ஒரு சொல், கதிரையில் இருக்கும் ஒரு பேக்கரிக்காரருடைய முகத்துக்கு நேரே தமிழில் வரும்போது நாக்கில் ஒட்டிக்கொள்ளும். பல பரிசோதகர்கள் வாசிக்கிற இடத்திலேயே பாதியை விழுங்கிவிடுவார்கள். டொக்டர் விடமாட்டார். "விட்ட வரியையும் வாசியும்" என்பார். அவரைக் கொடுமைக்காரர் என்று நான் திட்டியதுண்டு, மனதுக்குள்தான்.

இனிப் பூங்காவுக்கு வருகிறேன்.

குளத்துக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு பூங்கா. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குப் பலகை, பிள்ளைகள் விளையாட ஒரு மணல் திட்டு. ஊர்ப் பிரமுகர்கள் சிலர் சேர்ந்த ஒரு குழு அதை நடத்தியது. பராமரிப்பு வேலை பிலோமினா என்ற பெண்ணுக்கு. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மாதா கோவில் சுவாமி ஒருவர் குழுவுக்குச் சொல்லி இந்த வேலையை எடுத்துக் கொடுத்திருந்தார். பூங்காவின் பின்வேலியோடு ஓர் அறையும் குசினியும் உள்ள தென்னங்கிடுகு வீடு, அதில் அவரும் மூன்று பெண் பிள்ளைகளும். வேலை போனால் வீடும் போகும்.

நான் வந்த புதிதில் மணல் திட்டு வெட்டவெளியில் கிடந்தது. வவுனியா வெயிலைச் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் சூடு தாங்காமல் ஒற்றைக் காலில் துள்ளுவார்கள். ஒருநாள் ஒரு குழந்தை மணலின் நடுவில் நின்றுகொண்டு, இந்தப் பக்கமும் வரமுடியாமல் அந்தப் பக்கமும் போகமுடியாமல் அழுததைக் கண்டேன். மனம் கேட்கவில்லை. குழுவிடம் பேசி, மணல் முழுவதையும் வாகை மரத்தின் கீழே மாற்றுவித்தேன். அதோடு விடவில்லை. பிலோமினாவைக் கூப்பிட்டு, ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்குப் பூவாளியால் மணலுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று கட்டளை போட்டேன். மணல் குளிர்ந்து கிடந்தது. பிள்ளைகள் பின்னேரம் முழுவதும் அதில் கோட்டை கட்டினார்கள். குழுக் கூட்டத்தில் எனக்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். நான் தொப்பியைக் கழற்றிப் பணிவாக நின்றேன், உள்ளுக்குள் பணிவு துளியும் இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்துப் பிள்ளைகள் காலைச் சொறியத் தொடங்கினார்கள்.

முதலில் நுளம்புக் கடி என்றார்கள். பிறகு சிரங்கு என்றார்கள். கந்தோருக்கு முதலில் வந்தது வதனி என்ற ஐந்து வயதுப் பிள்ளை. தகப்பன் புகையிரத நிலையத்தில் கிளாக்கர். பிள்ளையின் இடது பாதத்தில், பெருவிரலுக்குப் பின்னாலிருந்து உள்ளங்கால் நோக்கிச் சிவப்பாக ஒரு கோடு. நேர்கோடு அல்ல. வளைந்து, திரும்பி, தான் வந்த வழியையே ஒரு தடவை வெட்டிக்கொண்டு போயிருந்தது. தாய் சாம்பலைச் சூடாக்கி ஒற்றிப் பார்த்திருக்கிறார். அது கொப்பளித்துச் சீழ் கட்டிவிட்டது. "பிள்ளை நித்திரை கொண்டு ஆறு நாள் டொக்டர்" என்று அந்தத் தாய் சொன்னபோது அவவும் நித்திரை கொள்ளவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

டொக்டர் புண்ணைக் கழுவிக் கட்டினார். பிறகு வெறும் கோட்டை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதா மருந்தில் ஒரு தீக்குச்சியைத் தோய்த்து, கோடு முடிகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். "நாளைக்குக் காலமை திரும்பக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். மறுநாள் கோடு அந்தப் புள்ளியைத் தாண்டி ஒரு விரற்கடை போயிருந்தது. "நடக்குது" என்றார்.

எனக்குப் பொறுமை இல்லை. கிளிநொச்சியில் படித்த பாடம் கையில் இருந்தது. காலில் கடி என்றால் கொழுக்கிப் புழு. கொழுக்கிப் புழு என்றால் மனித மலம். பூங்காவை ஒட்டி இருக்கிற வீடு ஒன்றே ஒன்று. போதாதற்கு பிலோமினாவின் கடைசிப் பிள்ளை வேலியோரம் குந்தியிருந்ததை ஒருநாள் நானே கண்டிருக்கிறேன். மேசையில் இருந்து ஒரே மூச்சில் மூன்று பக்கம் எழுதினேன். பராமரிப்பாளரின் குடும்பமே தொற்றுக்குக் காரணம், அவர்களை அந்த இடத்திலிருந்து அகற்றவேண்டும் என்று முடித்தேன். அகற்றவேண்டும் என்பதற்கு நான் போட்ட இங்கிலீசுச் சொல் குப்பைக்கும் பொருந்தும். அது அன்று எனக்கு உறைக்கவில்லை.

குழுச் செயலாளரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் தாமதிக்கவில்லை. "டொக்டரின்ரை கையெழுத்து வரட்டும், மாசம் முடிய அனுப்பிவிடுவம்" என்றார். மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

வழக்கம்போல டொக்டர் பிலோமினாவை அழைப்பித்தார். வெள்ளைச் சேலை உடுத்து, கழுத்தில் செபமாலையோடு வந்தார். கதிரையில் இருக்க மறுத்து வாசலோடு நின்றார். "இருங்கோ பிள்ளை, நீங்கள் இருந்தால்தான் நான் இருக்கலாம்" என்று சொல்லி டொக்டரும் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் பிலோமினா கதிரையின் விளிம்பில் இருந்தார். நான் எழுந்து வாசித்தேன்.

முதல் பக்கம் ஒருமாதிரிப் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் அவருடைய பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்த இடம் வந்தது. 'அசுத்தப் பழக்கம் உள்ள குடும்பம்' என்று தமிழில் சொல்லவேண்டும். சொன்னேன். பிலோமினா அழவில்லை, கோபப்படவும் இல்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்தபோது என் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது.

"இதிலை பிழை ஏதும் இருக்கோ?" என்று டொக்டர் கேட்டார்.

"டொக்டர் ஐயா, எங்கட வீட்டுக்குப் பின்னாலை கக்கூசு கிடக்கு. இன்ஸ்பெக்டர் ஐயாதான் வந்து பார்த்து, நல்லாக் கிடக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். அது இதிலை இல்லை."

உண்மை. பார்த்தது நான், பாராட்டியது நான். எழுதும்போது அது என் பேனைக்கு வரவில்லை.

"கடைசிப் பிள்ளை வேலியடியிலை இருந்ததாம் எண்டு எழுதியிருக்கே?"

"இருந்தவள்தான், ஐயா. வேலிக்குக் கீழை பூனைக்குட்டி ஒண்டு கிடந்தது. அதைக் கூப்பிட்டவள்."

டொக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். "மணலுக்கை வேறை என்ன வருகுது பிள்ளை? உங்களுக்குத்தானே தெரியும்" என்று கேட்டார்.

"நாய்தான் வருகுது. குட்டி போட்ட நாய் ஒண்டு, குட்டியளும் அஞ்சோ ஆறோ. மத்தியான வெயிலுக்கு ஊரெல்லாம் கொதிக்கேக்கை இந்த மணல் மட்டும்தானே குளிர்ந்துபோய்க் கிடக்கு. நான் கலைப்பன், திரும்ப வரும். பீயைக் கண்டால் அள்ளி எறிவன். குட்டியளின்ரை பீ ஈர மணலோடை சேர்ந்திடும், கண்ணுக்குத் தெரியாது. முந்தி மணல் வெயிலுக்கை கிடக்கேக்கை ஒரு நாயும் வாறதில்லை."

"இதை ஏன் இன்ஸ்பெக்டரிட்டைச் சொல்லேல்லை?"

"அவர் கேட்கேல்லை ஐயா."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நீர் எத்தினை மணிக்குப் பூங்காவைப் பார்த்தனீர்?"

"காலமை ஒன்பது மணிக்கு, டொக்டர்."

"எல்லா நாளும்?"

"எல்லா நாளும்."

"நாளையிலையிருந்து மூண்டு நாளைக்குப் பன்னிரண்டு மணியிலையிருந்து இரண்டு மணிமட்டும் அங்கை இரும். சாப்பாட்டைக் கொண்டுபோம்."

அறிக்கையை மடித்து மேசை இலாச்சிக்குள் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை.

பிலோமினா போன பிறகு என்னை இருக்கச் சொல்லிவிட்டு மெதுவாகக் கதைத்தார். மனிதனுடைய கொழுக்கிப் புழு காலால் ஏறினால் இரண்டு மூன்று நாளில் தோலைக் கடந்து உள்ளே போய்விடும், இப்படி நாட்கணக்காகக் கோடு போட்டுக்கொண்டு திரியாது. நாயிலும் ஒரு கொழுக்கிப் புழு உண்டு. அது மனிதத் தோலுக்குள் வந்துவிட்டால் அதற்கு மேலே வழி தெரியாது. "வேறை வீட்டுக்குப் போகவேண்டியது, பிழையான வீட்டுக்கை வந்திட்டுது. அதுதான் வாசல் தேடி அலையுது" என்றார். தான் இதைப் புத்தகத்தில்தான் படித்திருப்பதாகவும், கண்ணால் காண்பது இதுதான் முதல் தடவை என்றும், அதனால் தனக்கும் நிச்சயமில்லை என்றும் சொன்னார். ஒரு பெரிய டொக்டர் தனக்குக் கீழே வேலை செய்பவனிடம் தனக்கு நிச்சயமில்லை என்று சொன்னதை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை.

மூன்று மத்தியானம் வாகை மரத்தின் கீழே இருந்தேன். பன்னிரண்டே கால் ஆகும்போது, சந்தைப் பக்கமிருந்து ஒரு செம்மறை நாய் வரும். மடி தொங்க, நாக்குத் தொங்க வரும். பின்னால் ஆறு குட்டிகள் விழுந்தெழும்பி வரும். நேராக மணலுக்குப் போய், முன்னங்காலால் மேல்மணலைத் தள்ளி, ஈரமான இடத்தில் வயிற்றை வைத்துப் படுக்கும். குட்டிகள் பால் குடிக்கும், உருளும், இருந்த இடத்திலேயே கழிக்கும், அதன்மேல் மணலைக் கிளறும். பிலோமினா ஒவ்வொரு நாளும் தடியோடு வந்து கலைத்தார். நாய் வேலிக்கு வெளியே போய், அவர் குசினிக்குள் போகும்வரை காத்து நின்று, திரும்ப வந்து படுத்தது. அதைப் பிழை சொல்ல முடியாது. பட்டினத்தில் குட்டிகளைக் கிடத்த அதைவிடச் சுகமான இடம் இல்லை. அந்தச் சுகத்தை அதற்குச் செய்து கொடுத்தவன் நான்தான். மூன்றாம் நாள் கட்டிக்கொண்டு போன சோற்றில் பாதியை அதற்கே வைத்துவிட்டேன்.

அடுத்தது பரிசோதனை. மலம் கொண்டுவர மூடியோடு கூடிய சின்னத் தகரப் பேணிகளைத்தான் கொடுப்போம். பிலோமினாவிடம் நான்கு பேணி கொடுக்கவேண்டும். அவர் முகத்தில் விழிக்கவே கூசியது. டொக்டர் ஐந்து பேணி எடுத்துத் தந்தார். "ஐஞ்சாவது உமக்கு. ஆரிட்டையும் பேணி நீட்டினால் உம்மட பேணியையும் கொண்டு வாரும். அப்பத்தான் அவைக்கு வெட்கம் இராது." இந்தப் பழக்கத்தை நான் ஓய்வுபெறும்வரை விடவில்லை.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இன்றைய பிள்ளைகளுக்குப் பிரயோசனப்படலாம். உப்பு இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் மலத்தைக் கொஞ்சமாகக் கலக்கி, சின்னக் குப்பியில் விளிம்புமட்டும் நிரப்பி, மேலே ஒரு கண்ணாடித் துண்டை மூடவேண்டும். புழுவின் முட்டை பாரம் குறைந்தது, மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டும். அரைமணி நேரம் கழித்து அதை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். பிலோமினாவிடமும் மூத்த இரு பிள்ளைகளிடமும் ஒன்றும் இல்லை. கடைசிப் பிள்ளைக்கு வட்டப்புழு இருந்தது, அது வேறு கதை. மணலிலிருந்து நான் அள்ளிவந்த நாய்க்குட்டிகளின் மலத்துக்கும் ஒரு குப்பி வைத்திருந்தோம், அதில் கொழுக்கிப் புழு முட்டை எண்ண முடியாத அளவு.

ஐந்தாவது குப்பியை டொக்டரே பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து என்னைப் பார்க்கவிட்டார். மெல்லிய ஓட்டுக்குள் நாலாகப் பிரிந்த கரு, பாடப் புத்தகத்தில் கீறினதுபோல அப்படியே. அவ்வளவு பேரிலும் மனிதக் கொழுக்கிப் புழு இருந்தது ஒரே ஒருவருக்கு. ஊரெல்லாம் பிரசங்கம் பண்ணின பரிசோதகருக்கு.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு எங்கை நடந்தனீர்?" என்று டொக்டர் கேட்டார்.

"கிளிநொச்சியிலை வயல் வரம்புகளிலை, டொக்டர். சேற்றுக்கை சப்பாத்துப் புதையும்."

அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மருந்து தந்தார். கசப்பென்றால் அப்படிக் கசப்பு.

மிஞ்சியது மணல். மண்ணெண்ணெய்ப் புனல் ஒன்றைக் கழுவி, அடிக்குழாயில் ஒரு றப்பர்க் குழாயை மாட்டி, அதை ஒரு கிளிப்பால் இறுக்கினோம். புனலின் வாயில் கம்பிவலைத் துண்டு. அதன்மேல் ஒரு பிடி மணல், மெல்லிய துணியில் பொதிந்து. இளஞ்சூட்டுத் தண்ணீரைத் துணியின் அடி நனையுமட்டும் ஊற்றினோம். மணலுக்குள் குஞ்சுப் புழு இருந்தால் அது சூட்டை நாடித் தண்ணீருக்குள் இறங்கி, நீந்தத் தெரியாமல் அடியில் போய்ச் சேரும். காலையில் வைத்ததைப் பின்னேரம் திறந்தோம். கிளிப்பைத் தளர்த்தி நான்கு துளி கண்ணாடியில் விட்டேன். நுணுக்குக்காட்டிக்குள் அவை துடித்துக்கொண்டிருந்தன. தைத்துவிட்டு அறுத்தெறிந்த நூல் துண்டுகள்போல, ஆனால் உயிரோடு.

அதே நாள் மணல் திட்டின் ஓரத்தில், நிழலும் தண்ணீரும் எட்டாத இடத்திலிருந்து இன்னொரு பிடி எடுத்து வேறொரு புனலில் வைத்திருந்தோம். அதில் ஒன்றும் இல்லை. வெயில் பட்டுக் காய்ந்த மணலில் குஞ்சுப் புழு பிழைக்காது. இரண்டு கண்ணாடியையும் மாறிமாறிப் பார்த்தேன். யாரும் எனக்கு ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பிள்ளைகளின் காலைச் சுட்டாலும் புழுவிலிருந்து அவர்களைக் காப்பாற்றிய வெயிலைத்தான் நான் தடுத்திருந்தேன். நிழல் கொடுத்தேன், வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றுவித்தேன், புழுவுக்கு நாற்றுமேடை போட்டுக் கொடுத்தேன்.

வதனிக்கு டொக்டர் குளிர் மருந்து அடித்தார். கண்ணாடிக் குப்பியில் வரும். பிடியை அமத்தினால் மெல்லிய தாரையாகச் சீறும், பட்ட இடம் உறைபனி பிடித்து வெளுக்கும். கோடு முடிகிற இடத்தில் அவர் அடிக்கவில்லை. அதற்கு ஒரு விரல் முன்னால் அடித்தார். புழு எப்போதும் தான் போட்ட கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் நிற்குமாம். பிள்ளை முதலில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தது. மருந்து பட்டதும் கண்ணைத் திறந்து, "அம்மா, ஐஸ்பழம்!" என்றது. மூன்று தடவை அடிக்கவேண்டி வந்தது. நான்காம் நாள் கோடு நகரவில்லை. புதிதாக வைத்த ஊதாப் புள்ளியை அது தாண்டவில்லை. அந்தப் பிள்ளை இரவு முழுவதும் நித்திரை கொண்டதாகத் தாய் வந்து சொன்னபோது நான் கந்தோர்ப் பின்பக்கம் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது இரண்டாவது அறிக்கையை எழுதினேன். மணலை மாற்றவேண்டும், வாகையின் தெற்குக் கொப்பைத் தறிக்கவேண்டும், மணல் திட்டு பழைய இடத்தில் வெயிலில் இருக்கவேண்டும், சுற்றிவர முள்வேலி அடைக்கவேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. இதை எழுதியபோதுதான் இன்னொன்று பொறி தட்டியது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்றால், தண்ணீர் ஊற்றுகிற ஆளும் தேவையில்லை என்று குழு சொல்லாதா? பிலோமினாவை ஒரு வாசலால் உள்ளே விட்டு மறு வாசலால் தள்ளிவிடுகிற வேலையாகிவிடும். ஆகவே, மணலைத் தினமும் மத்தியானம் வாரியால் புரட்டி வெயில் காட்டவும், சூடு தணிந்தபின் பிள்ளைகளை விடவும், பொழுதுபட மணலைக் கிடுகால் மூடவும் அனுபவமுள்ள ஓர் ஆள் அங்கேயே குடியிருப்பது அவசியம் என்று எழுதினேன். நாயும் குட்டிகளும் மிருக வைத்தியரிடம் மருந்து குடித்தன. குட்டிகளைத் தர்மபுரம் பக்கத்துக் கமக்காரர்கள் காட்டுப்பன்றிக்குக் காவலாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

பொறுப்பாளி யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். நிழலுக்கு மாற்றியதும், தண்ணீர் ஊற்றக் கட்டளையிட்டதும், ஆராயாமல் பிறரைக் குற்றம் சாட்டியதும் இந்தப் பரிசோதகரே என்று எழுதினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதை எழுதவில்லை. எழுதினால் சாட்டுச் சொல்வதுபோல இருக்கும் என்று நினைத்தேன். வேலையில் கறுப்புப் புள்ளி விழும் என்பது தெரியும். கல்யாணம் பேசியிருந்த காலம் அது, பயமாகத்தான் இருந்தது.

டொக்டர் அதை ஒருதரம் வாசித்தார். "இதிலை ஆற்றை பேர் கிடக்கு?"

"என்ரை பேர், டொக்டர்."

"ஆள் வந்திருக்கிறாரோ?"

"வந்திருக்கிறார்."

"பிலோமினாவையும் கூப்பிடும். முந்தினதைக் கேட்டவ, இதையும் கேட்கவேணும்."

பிலோமினா வந்து இந்தமுறை சொல்லாமலே கதிரையில் இருந்தார். நான் நின்று, ஒரு வரியும் விடாமல் தமிழில் வாசித்தேன். முடிந்ததும் டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் என்னைக் கேட்டார், "இதிலை பிழை ஏதும் இருக்கோ?"

"இல்லை, டொக்டர்."

பேனையை எடுத்தார். எடுத்தவர், கதிரைப் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன சொல்லுறியள் பிள்ளை?" என்றார்.

"ஒரு பிழை இருக்கு, டொக்டர் ஐயா."

இன்னும் என்னத்தை விட்டுவிட்டேன் என்று யோசித்தேன். இந்த மனிசிக்கு என்னைப் பற்றி என்ன சொன்னாலும் உரிமை உண்டு என்றும் நினைத்தேன்.

"பிள்ளையளுக்குக் கால் சுடுகுது எண்டுதான் ஐயா தண்ணி ஊத்தச் சொன்னவர். அண்டைக்கு ஒரு பிள்ளை மணலுக்கை நிண்டு அழ, இவர்தான் ஓடிப்போய்த் தூக்கினவர். நான் கண்டனான். அது இதிலை எழுதேல்லை."

பிலோமினாவுக்குச் சாதகமாக இருந்ததை நான் என் முதல் அறிக்கையில் விட்டிருந்தேன். எனக்குச் சாதகமாக நான் விட்டதை அவர் எடுத்துத் தந்தார். டொக்டர் பேனையை மையில் தோய்த்து, மூன்று பக்க இங்கிலீசுக்கு அடியில், தமிழில் ஒரேயொரு வரி எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார். கந்தோர்ப் பிரதியைக் கோவையில் போட்டுவிட்டு மற்றப் பிரதியை என்னிடம் நீட்டினார். பிலோமினா அந்தப் பூங்காவில் பதினொரு வருடம் இருந்தார். அங்கிருந்தே இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார். இரண்டு கல்யாணத்துக்கும் எனக்குச் சொன்னார், இரண்டுக்கும் போனேன்.

வீட்டுக்கு வந்த அந்த இளம் பரிசோதகருக்கு அலுமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். இங்கிலீசுப் பக்கங்களை விட்டுவிட்டு அவர் அந்தக் கடைசி வரியைச் சத்தமாக வாசித்தார்: "பிள்ளைகளின் கால் சுடும் என்று எண்ணியே இவர் இதைச் செய்தார்." பிறகு தன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதை எழுத இதிலை இடமில்லையே ஐயா" என்றார்.

பின்பக்கம் வெறுமையாகத்தானே கிடக்கிறது என்றேன்.